மாமிக்குத் தெரியாமல்

விரல் நீளம்கூட இல்லாத அந்தக் குழாயைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு றிஷாட் நாலு பக்கமும் பார்த்தான். அவன் முழித்த முழியைப் பொலிஸ்காரர் யாராவது கண்டிருந்தால், ஒரு கேள்வியும் கேட்காமல் விலங்கு மாட்டியிருப்பார்.

அவன் பயந்தது பொலிசுக்கு அல்ல, மாமிக்கு. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் இருப்பது அவவுடைய வீட்டில்தான். மாமி சுல்பிகா மருமகனின் முகத்துக்கு நேரே வந்து கதைக்கிற ஆள் இல்லை. எதையும் சமையல் நடக்கிற குசினியின் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுதான் சொல்வா. ஆனாலும் வீட்டில் பூனை நடந்தாலும் அவவுக்குத் தெரிந்துவிடும்.

போன கிழமை குடும்பநல மருத்துவிச்சி கஜனி மிஸ் வந்து, அந்தக் குழாயை அவன் மனைவி நிஹ்லாவின் கையில் வைத்தா.

"கருப்பைக் கழுத்துப் புற்றுநோயக் கொண்டுவாற வைரஸ்ட டி.என்.ஏ.யத் தேடுற சோதனை இது. நோய் வாறதுக்குப் பல வருசம் முந்தியே எச்சரிக்கும். கிளினிக்குக்கு வர வெக்கமெண்டா, அறைக் கதவச் சாத்திப்போட்டு நீங்களே மாதிரி எடுத்து இந்தக் குழாய்ல போட்டுத் தரலாம். முப்பத்தஞ்சு தாண்டினவங்க செய்யிறது நல்லம்."

"இந்த ஊட்டுல அந்த நோய்ட பேரையே எடுக்க வேணாம்!" என்று மாமி வெடித்தா. குழாயை வீசச் சொன்னா. அதோடு விட்டாவா? ஏச்சு தீரவில்லை போலும், கஜனி மிஸ்ஸோடு வாசல் கேற் வரைக்கும் போய் நெடுநேரம் நின்றா.

மாமியின் தங்கை அந்த நோயில் மௌத்தாகி இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை. பிந்திக் கண்டுபிடித்ததுதான் வினை. சாச்சியைப் போலத் தானும் போய்விடுவேனோ என்று நிஹ்லாவுக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை. அவள் குழாயை வீசவில்லை; அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாதிரியை எடுத்துவிட்டாள். ஆனால் அவள் தெருவில் இறங்கினால் உம்மாவும் கூடவே இறங்குவா. அதனால்தான் கல்முனையில் கடை திறக்கப் போகிற வழியில் றிஷாட் அதைக் கஜனி மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் கொடுப்பதென்று ஏற்பாடு.

"மெல்லப் போங்க. உம்மா குசினிக்குள்ள" என்று நிஹ்லா கிசுகிசுத்தாள்.

செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டப் போனான்.

"மருமகன்!"

திரைச்சீலை அசைந்தது.

"என்ன மாமி?"

"கஜனி மிஸ்ஸிட்டயா போறீங்க?"

நிஹ்லா நின்ற இடத்திலேயே அழத் தொடங்கிவிட்டாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்தது.

"ஓம் மாமி. நீங்க ஏசினாலும் பரவாயில்ல. நான் குடுக்கத்தான் போறன்."

திரைச்சீலையின் ஓரத்தால் காப்புப் போட்ட கையொன்று நீண்டது. அதில் அதேபோல ஒரு குழாய்.

"இதையும் சேத்துக் குடுத்துருங்க, மகன்."