பழைய நம்பர்

"தொடைங்க அண்ணி, தொடைங்க! ஆபீசர் வந்துட்டாரு!"

கொழுந்தன் சந்துரு மெஷினை அழுத்திப் பிடித்து, புது ஃபைபர் படகின் உட்புறத்தில் பதிவு எண்ணைச் செதுக்கிக்கொண்டிருந்தான். ஜோதிமணி துணியோடு குனிந்தாள். செதுக்கிய எண்ணில் மறுபடியும் தண்ணீர் ஊறியது. எண் தெளிவாக இல்லாவிட்டால் பெர்மிட் கிடைக்காது; ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இந்த சீசன் பிழைப்பும் போய்விடும்.

"அடியில ஓட்டை போட்டுட்டியா?"

"கைய உட்டுப் பாருங்க. காஞ்சு கெடக்குது."

அடிப்பக்கம் காய்ந்துதான் கிடந்தது. மைசூர்ப் பட்டறையை விட்டு அந்தப் படகு இன்னும் வெளியே போனதே இல்லை. ஆனால் துணியில் பாசியும் ஆற்றுமணலும் ஒட்டியிருந்தன.

"புது நம்பரே வாங்கியிருக்கலாம்டா."

"அதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையோணும். நீங்கதான கால் ஓஞ்சு போச்சுன்னீங்க?"

ஓய்ந்துதான் போயிருந்தது.

ஆபீசர் டார்ச் அடித்துப் பார்த்தார். எண் சரியாக இருந்தது. "இதே நம்பர்ல இருந்த பழைய போட் எங்கம்மா?"

"ஒடைச்சுப் போட்டாச்சு சார்," என்றான் சந்துரு.

ஆபீசர் கையெழுத்துப் போட்டார். ஜோதிமணி துடைப்பதை நிறுத்திவிட்டாள். பழைய படகை யாரும் உடைக்கவில்லை. ஆடி வெள்ளத்தில் மூழ்கிய அது, இன்னும் காவிரிக்குள்தான் கிடந்தது. அதை ஓட்டிப்போன அவள் புருஷனும்.