மாறாத விண்மீன்

எரியத் தொடங்காமலே ஆறிப்போகிற விண்மீனைப் பழுப்புக் குள்ளன் என்பார்கள். அதன்மேல் மேகங்கள் திரள்வதும் கலைவதுமாக இருக்கும். ஒளியும் கூடிக் குறையும். அதை அளக்க, பக்கத்திலேயே ஒளி மாறாத இன்னொரு விண்மீனை அளவுகோலாக வைத்துக்கொண்டிருந்தார் வாகீசன். வீட்டில் மகன் துருவன் ஒருநாள் சிரிப்பான், மறுநாள் சுவரைப் பார்த்துக் கிடப்பான். மாத்திரையை நீட்டும்போதெல்லாம், “அக்கா யாழிசையைப் பாரு. என்னிக்காவது முகம் வாடியிருக்காளா?” என்பார். இன்று காலை ஆய்வகத்திலிருந்து நிலோஃபர் போன் செய்தாள். “சார், குள்ளன்ல பெருசா மாற்றமே இல்ல. மங்கிட்டே வர்றது நம்ம அளவுகோல்தான். அதை நாம தனியா பார்க்கவே இல்ல, சார்.” அவர் பதில் சொல்வதற்குள் மனைவி மாடிப்படியில் நின்று கூப்பிட்டாள். “ஏங்க, யாழிசை உள்ளே தாழ் போட்டிருக்கா. எவ்வளவு தட்டியும் சத்தமே இல்ல.” “தூங்குவா. அவளுக்கென்ன?” என்று சொன்ன பிறகுதான் கையிலிருந்த போனைப் பார்த்தார். மேலே துருவன் அக்காவின் கதவைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தான்.