பாலில்லாத பால்காவடி

இந்நேரம் துளசிங்கம் வாயைத் திறந்திருப்பான் என்றே சேஷகிரி முடிவுகட்டிவிட்டார். பித்தளைக் குடத்தின் அடியில் தேங்காய் நாரை அவசர அவசரமாகத் திணித்தார்.

சேஷகிரி திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவர். யுத்தம் வருவதற்கு முன்னால் சர்க்கார் அனுமதியோடு வீட்டிலிருந்தே வானொலிச் செய்தி அனுப்பியவர். யுத்தம் வந்ததும் கருவிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒன்றை மட்டும் விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

'வெள்ளையனே வெளியேறு' என்று முழங்கிய தலைவர்களெல்லாம் சிறைக்குப் போனபிறகு வந்த அந்த ஆவணியில், அந்தப் பெட்டிதான் மலைக்காட்டிலிருந்து ரகசியச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அதைச் சுமந்து போனவன், பொதட்டூர்பேட்டையிலிருந்து வீடு வீடாகத் துணி விற்க வரும் துளசிங்கம். நேற்று அவனைப் போலீஸ் பிடித்துவிட்டது.

இன்று காலையில், துளசிங்கத்தின் மைத்துனன் எல்லப்பன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வாசலில் வந்து நின்றான்.

"பாவாவ இஸ்துகினு பூட்டாங்க சாமி. அந்த அடிய எம்மா நேரம் தாங்குவாரு? உஷாரா இருங்கனு சொல்லத்தான் வந்தேன்."

அவ்வளவுதான் சொன்னான். சேஷகிரி அவனை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டார். விறகை அள்ளிப்போட்டுவிட்டுப் பெட்டியை வெளியே எடுத்தார்.

அன்று கிருத்திகை. மலையேறும் காவடிகளுக்கு நடுவே இன்னொரு காவடியை யார் கவனிக்கப் போகிறார்கள்? வேண்டுதல் காவடியின் குடத்தைப் போலீஸ்காரன்கூடத் தொடமாட்டான். மலைக்குப் பின்புறப் பாறையிலிருந்து, கூட்டாளிகள் எல்லோரையும் தப்பித்துப் போகச் சொல்லி ஒரே ஒரு செய்தி அனுப்பிவிட்டால் போதும். எல்லப்பன் தானே சுமப்பதாகச் சொல்லி மஞ்சள் வேட்டியை வாங்கி உடுத்திக்கொண்டான்.

கட்ட ஆரம்பித்ததும் சேஷகிரி அவசரத்தை மறந்துவிட்டார். இந்த வேலையை ஒருவருக்கு விளக்க அவருக்கு எத்தனையோ நாளாக ஆசை. துளசிங்கத்திடம் வாயெடுத்தாலே, தனக்குத் தெரியாமல் இருப்பதுதான் நல்லது என்று காதைப் பொத்திக்கொள்வான். இவனோ குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டரியை ஒரு குடத்தில் நிமிர்த்தி வைத்தார். சாய்ந்தால் அமிலம் சிந்திக் கண்டதையும் அரித்துவிடும். வால்வுகள் கண்ணாடியானதால் அவற்றைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி, பெட்டியோடு மறு குடத்தில் இறக்கினார். இரண்டு பக்கமும் ஒரே கனமாக இருந்தால்தான் நடக்கும்போது தண்டு ஆடாது என்று சொல்லி, தூக்கிப் பார்த்து, லேசான பக்கத்தில் ஒரு கூழாங்கல்லைப் போட்டார். செப்புக் கம்பியை மூங்கில் தண்டில் நெருக்கமாகச் சுற்றி, மேலே மயிற்பீலியும் பூச்சரமும் கட்டி மறைத்தார்.

"இந்தக் கம்பி எதுக்கு சாமி?"

"அதுதான்டா உயிர். நாம இங்க தட்டறது அதுல ஏறி ஆகாசத்துல பரவும். எவ்வளவு உசரத்துல கட்டறோமோ அவ்வளவு தூரம் போகும்."

கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே போனார். குட்டையும் நெட்டையுமாகத் தட்டுவது எப்படி எழுத்தாகிறது, தட்டுகிற கை கையெழுத்தைப்போல ஆளுக்கு ஆள் எப்படி வேறுபடுகிறது, யாரும் மோப்பம் பிடிக்காதிருக்க எந்தெந்தக் கிழமையில் அலைவரிசையை மாற்றுகிறார்கள் எல்லாம் வந்தன. எல்லப்பன் ஒவ்வொன்றுக்கும் ஆங் என்று தலையாட்டினான்.

"அந்தாண்ட குந்திகினு கேக்கறவங்க யாரு சாமி?"

சேஷகிரி தயங்கினார். ஆனால் அனுப்புவதைச் சொல்லிவிட்டு வாங்குவதைச் சொல்லாமல் விட்டால் விளக்கம் பாதியில் நிற்கும். ரேணிகுண்டாவில் தந்தி வேலை பார்க்கும் சுந்தரமூர்த்தி கேட்டு எழுதிக்கொள்வதையும், கனகம்மாசத்திரத்துப் பள்ளிக்கூடத்து ஞானம்மாள் அதை அச்சடித்து ஊர் ஊராக அனுப்புவதையும் சொல்லி முடித்தார்.

குடத்தின் வாயை மஞ்சள் துணியால் கட்டினார்கள். எல்லப்பன் தண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தான்.

சரவணப்பொய்கைக் கரையெங்கும் ஈரத் தலைகள், அரோகரா சத்தம். படிக்கட்டின் முதல் படியருகே ஒரு போலீஸ்காரன் மூட்டைகளைத் தடியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டத்தோடு ஒதுங்கிப் போகும்படி சேஷகிரி பின்னாலிருந்து முணுமுணுத்தார்.

எல்லப்பன் ஒதுங்கவில்லை. நேராகப் போலீஸ்காரன் எதிரில் போய்க் காவடியை மெதுவாக, பாட்டரி சாயாமல், தரையில் இறக்கினான்.

போலீஸ்காரன் விறைத்து நின்று அவனுக்கு சலாம் வைத்தான்.

பயத்தையும் மீறிச் சேஷகிரிக்கு முதலில் வந்தது துளசிங்கத்தின் மேல் கோபம்தான்.

"அந்தப் பாவி எல்லாத்தையும் கக்கிட்டானா?"

எல்லப்பன் மயிற்பீலியை விலக்கிக் கம்பியைத் தடவிப் பார்த்தான்.

"அவன் துணி வித்த வூடு வூடா போயி, உஷாரா இருங்கனு அதையேதான் சொன்னேன் சாமி. மத்த வூட்ல எல்லாம் ஐயோ பாவம்னு அழுதாங்க. நீங்கதான் பெட்டிய எடுத்தீங்க."

போலீஸ்காரன் சேஷகிரியின் தோளைப் பிடித்தான். எல்லப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"துளசிங்கம் இன்னும் வாயே தொறக்கல."