சரிந்த பெட்டிகள்

“உதயக்கா, இது ஆர் இழைச்சது?”

பிரதீபா மேசையில் வைத்த பனையோலைப் பெட்டியின் வாய் ஒரு பக்கம் சரிந்திருந்தது.

அச்சுவேலியில் பெண்கள் சிலர் கூடியிருந்து பெட்டி இழைக்கும் அந்தக் கொட்டிலுக்கு உதயகலாதான் பொறுப்பு. இழைப்பதை வாங்கிக் கொழும்புக் கடைகளுக்கு அனுப்புகிறவள் பிரதீபா. மாக்கெற்றிங் படித்தவள். கோப்பாயிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். வந்தால் குறை சொல்லாமல் போகமாட்டாள்.

“தெரியேல்லைப் பிள்ளை. எல்லாம் கலந்து கிடக்கு,” என்றாள் உதயகலா.

“போன முறையும் இப்பிடி வந்தது. இனியும் வந்தா அந்த ஆளை நிப்பாட்டிப்போடுவன். நான் சொந்தமா ஒரு பிராண்ட் தொடங்கப்போறன், அக்கா. இந்தக் கோணலை வைச்சுக்கொண்டு ஏலாது.”

பெண்கள் குனிந்த தலை நிமிராமல் ஓலை வார்ந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த கிழமை வந்தவள் திகைத்துப்போனாள். அத்தனை பெட்டியும் சரிவு. எல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவு.

“என்ன, எனக்கு நக்கலோ?”

“ஓலை அப்பிடிப் பிள்ளை.”

“எல்லா ஓலையும் சொல்லி வைச்சமாதிரிச் சரியுமோ? இந்த மாசத்தோடை உங்கடை பெட்டி எனக்கு வேண்டாம்!”

கோபத்தோடு அள்ளிக்கொண்டுபோன அந்தப் பெட்டிகளைத்தான், பிராண்ட் வேலையாகக் கொழும்பிலிருந்து வந்த டிசைனர் ஷெரோன் அவள் வீட்டில் கண்டான். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இவ்வளவு நாளும் இதை ஏன் எனக்குக் காட்டேல்லை? உங்கடை பிராண்டுக்கு இதுதான் அடையாளம். மெசின் இப்பிடிச் சரிக்குமோ? இது கை. இது உங்கடை மண்!”

பிரதீபா பெட்டியை இன்னொருமுறை பார்த்தாள். இப்போது அது வடிவாகத்தான் தெரிந்தது.

“ஓம், அது எங்கடை பாரம்பரியம்தானே,” என்றாள்.

‘அலைவாய்’ என்று பெயர் வைத்தார்கள். சரிந்த ஒரு கோடு லோகோ ஆனது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் அட்டை: ‘வடகடலின் அலை பார்த்து வளர்ந்த பெண்களின் விரல்களில் தலைமுறை தலைமுறையாய் ஊறிய சரிவு.’

உதயகலா அதை வாசித்துவிட்டுக் கேட்டாள்: “என்ன பிள்ளை, அலையெண்டு போட்டிருக்கு? நாங்கள் தோட்டக்காரர் எல்லோ. கடலைக் காணுறதே ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போனால்தான்.”

“சனத்துக்கு அதுதான் பிடிக்கும் அக்கா. நீங்கள் சரிவைக் கைவிடாதேங்கோ, அது போதும்.”

ஓடர் குவிந்தது. பிரதீபா கொட்டிலுக்கு ரோல்ஸும் சோடாவும் வாங்கிக்கொண்டு வரத் தொடங்கினாள்.

பிறகொருநாள், சரிந்த பெட்டிகளுக்கு நடுவில் ஒன்று நேராக நின்றது. வாயில் ஒரு பிசகு இல்லை.

“இது ஆர் இழைச்சது?” பிரதீபாவின் குரல் ஏறியது. “இப்பிடி நேரா இருந்தா ஆர் வாங்குவினம்? பாரம்பரியம் தெரியாத ஆளை வைச்சு வேலை செய்யேலாது. நிப்பாட்டுங்கோ, அக்கா!”

மூலையிலிருந்து கஜானி எழும்பினாள். பிரதீபாவோடு ஒருநாளும் கதைத்திராத பெண்.

“நான்தான் அக்கா.”

வலக்கையை நீட்டிக் காட்டினாள். இரண்டு விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன.

“மோட்டச்சைக்கிளாலை விழுந்தபிறகு இந்தக் கை வசப்படுகுதில்லை. முதல்முதல் சரிஞ்சு வந்ததெல்லாம் என்ரை பெட்டிதான். நீங்கள் என்னைக் கண்டுபிடிச்சு நிப்பாட்டிப்போடக்கூடாதெண்டுதான் இவை எல்லாரும் என்னைப்போலவே சரிச்சு இழைச்சவை. எனக்காண்டி நல்ல கையள் எல்லாம் கோணலா இழைக்கிறது எனக்குப் பொறுக்கேல்லை. அதுதான் வீட்டிலை இருந்து இடக்கையாலை பழகி, ஒருமாதிரி நேராக்கிப்போட்டன்.”

உதயகலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

பிரதீபா அந்த நேரான பெட்டியை எடுத்து அதன் வாயை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டாள்:

“குறை நினைக்காதையும் கஜானி… அந்தப் பழைய சரிவு உமக்கு மறந்துபோச்சோ?”