ஏலத்தில் வந்த கண்ணன்

"கண்ணன் எங்கன்னு கேட்டா என்னங்க சொல்றது?" பார்கவி கணவனைக் கேட்டாள்.

"வித்துட்டோம்னு சொல்லு. நானூறு ரூபாய்க்கு வித்தது நீதானே?" என்றான் ரவிசந்திரன்.

"தொல்லை தாங்கல, வித்துருன்னு சொன்னது நீங்கதானுங்க."

யாரும் போலீசுக்குப் போன் செய்ய வேண்டாம். விற்கப்பட்ட கண்ணன் ஒரு தஞ்சாவூர் ஓவியம். வரைந்தவர் ரவிசந்திரனின் மேனேஜர் வெங்கடேஸ்வரனுடைய மனைவி சாவித்ரி. டீமில் யார் புனேவில் வீடு வாங்கினாலும் கிரகப்பிரவேசத்துக்கு அவர் கையால் ஒரு கண்ணன் வந்துவிடுவான். எல்லோருக்கும் ஒரே கண்ணன்தான். ஒன்றரைக் கண், தொங்கிய உதடு. வெண்ணெய் தின்ற முகமாக இராது, வேப்பெண்ணெய் குடித்த முகமாக இருக்கும்.

பார்த்துப் பார்த்துச் சலித்துப் போய், ஏலத்தில் வாங்கி விற்கும் ஒரு செயலியில் போட்டு அதை விற்றுத் தொலைத்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு மேனேஜர் மனைவி சமேதராக வருகிறார். டீம் லீட் பதவி யாருக்கு என்று அடுத்த நாள் அவர்தான் அறிவிக்கப் போகிறார்.

போட்டியில் ரவிசந்திரனும் கோவிந்தராஜும் இருந்தார்கள். கோவிந்தராஜ் சாமர்த்தியசாலி. தன் வீட்டுக் கண்ணனுக்குத் தினமும் பூப் போட்டுப் படம் எடுத்து சாவித்ரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவன்.

வேறு வழி தெரியாமல் பார்கவி அதே செயலியைத் திறந்து தேடினாள். "ஏனுங்க, இங்க வாங்க. நம்ம கண்ணன் மறுபடியும் ஏலத்துக்கு வந்திருக்கான்."

அதே ஒன்றரைக் கண், அதே உதடு. "வாங்கினவனுக்கும் பிடிக்கல போல" என்றான் ரவிசந்திரன். முதன்முறையாக அந்த முகம் அவனுக்கு அழகாகத் தெரிந்தது.

ஏலம் வியாழக்கிழமை நாலு மணிக்கு முடிவதாக இருந்தது. இதையெல்லாம் வேறு யார் கேட்கப் போகிறார்கள் என்று ஐந்நூறு போட்டான். உடனே 'வடாபாவ்99' என்ற பெயரில் யாரோ ஆயிரம் போட்டார்கள்.

வியாழக்கிழமை பார்த்து வெங்கடேஸ்வரன் மீட்டிங் வைத்துவிட்டார். ரவிசந்திரன் மேஜைக்கு அடியில் செல்போனை மறைத்துக்கொண்டு விலையை ஏற்றினான். இவன் ஏற்ற ஏற்ற வடாபாவும் ஏற்றியது. ஊரில் இன்னொருவருக்கும் இப்படி ஒரு ரசனையா என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. கடைசி நிமிஷத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏழாயிரம் போட்டான். வடாபாவ் வாயை மூடிக்கொண்டது.

வெங்கடேஸ்வரனும் தன் செல்போனை ஒருமுறை பார்த்துவிட்டு மீட்டிங்கை அத்துடன் முடித்தார். இருட்டுவதற்குள் யாரையும் விட்ட மனிதர் இல்லை அவர். அன்று எல்லோருக்கும் சமோசா வேறு வரவழைத்தார். ரவிசந்திரன் மட்டும் தன் பங்கைத் தொடாமல் கிளம்பினான்.

விற்றவர் போன் நம்பர் தரவில்லை. வீட்டுக்கும் வர வேண்டாமாம், ஊரின் மறுகோடியில் ஹடப்சரில் ஒரு இஸ்திரிக் கடையில் கொடுத்து வைத்திருக்கிறாராம். இந்தக் கோடியில் வாகடில் இருக்கும் ரவிசந்திரன் ஊர்ப்பட்ட டிராபிக்கையும் தாண்டிப் போய், கண்ணனை பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

"நம்ம கண்ணனுக்குக் காதுல இவ்ளோ பெரிய சிவப்புக் கல்லா இருந்துச்சு?" பார்கவிக்குச் சந்தேகம்.

"கொடுத்த காசுக்குக் கல்லாவது பெருசா இருக்கட்டும். பேசாம மாட்டு."

ஞாயிற்றுக்கிழமை சாவித்ரி வந்ததும் வராததுமாகச் சுவரைத்தான் பார்த்தார். உட்காரக்கூட இல்லை, நேராகப் படத்தின் அருகில் போனார்.

"தினம் விளக்கேத்தறோம் மேடம்" என்றான் ரவிசந்திரன், கோவிந்தராஜை மனதில் வைத்துக்கொண்டு.

சாவித்ரி கண்ணனின் காதைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏன்னா, இங்க வாங்கோ. இது நான் பதிச்ச என் தோட்டுக் கல்லுன்னா. நம்மாத்து ஹால்லேர்ந்து காணாமப் போன கிருஷ்ணர் இது."

பார்கவி கையில் இருந்த தண்ணீர் டம்ளரோடு சமையலறைப் பக்கம் நகர்ந்தாள்.

"வேலைக்கு வந்துண்டிருந்த சாந்தாபாய்தான் எடுத்திருப்பான்னு அவளை நிறுத்தியே விட்டேனே" என்ற சாவித்ரி ரவிசந்திரனைத் திரும்பிப் பார்த்தார். "இது எப்படிப்பா உன் கைக்கு வந்தது?"

ஏலத்தில் வாங்கினேன் என்றால், அவர் கொடுத்த கண்ணனை விற்ற கதை வெளியே வரும். சொல்லாவிட்டால் மேனேஜர் வீட்டிலேயே கை வைத்தவன் என்று ஆகும். எப்படிப் பார்த்தாலும் டீம் லீட் போயிற்று, இனி வேலை மிஞ்சினாலே பெரிய விஷயம்.

வெங்கடேஸ்வரன் கனைத்தார். "சாவித்ரி, நீ உள்ள போய் அந்தப் பொண்ணுக்கு ஒத்தாசை பண்ணு. நான் விசாரிக்கறேன்."

ரவிசந்திரனின் தோளைப் பிடித்து பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனார். கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார். ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"சார், சத்தியமா நான் திருடல" என்று ஆரம்பித்தான் ரவிசந்திரன்.

வெங்கடேஸ்வரன் அவன் காதருகே குனிந்தார்.

"வித்தது நான்தான்னு அவகிட்ட சொல்லிடாதேப்பா, டீம் லீட் நீதான்."