கேட் திறக்கும் வாரம்

இதை எனக்கு முதலில் சொன்னவர் பஸ் டிப்போ டைம் கீப்பர். என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர். போன மாதம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது பார்க்க வந்தார். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதோடு சரி, மிச்ச நேரமெல்லாம் தன் மனைவியைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்.

அவர் தலையசைக்காமல் டிப்போவிலிருந்து ஒரு பஸ்ஸும் நகராது. வீட்டிலும் அதே கதைதான். பக்கத்துத் தெருவுக்குப் போவதென்றாலும் போகிற வழி, வருகிற வழி, மழை வந்தால் ஒதுங்குகிற இடம் எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

அப்படிப்பட்டவர், குடும்பத்தோடு தேசியப் பூங்காவுக்குப் போகத் திட்டம் போட்டார். அங்கே ஒரு சங்கடம். மலை உச்சிக்குப் போகும் சாலையைப் பனிக்காலத்தில் கேட் போட்டு மூடிவிடுவார்கள். கேட் மூடினால் மினி பஸ்ஸும் ஓடாது, கேன்டீனும் இருக்காது. என்றைக்குத் திறப்பார்கள் என்று ஆபீசுக்குப் போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். அவர்கள் போனை எடுக்கிற நேரம், இவர் டிப்போவில் டிரைவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிற நேரம்.

"நீயே கேட்டுச் சொல்லு. சொதப்பிடாத," என்று மனைவியிடம் விட்டார்.

"மாசக் கடைசியில போனா சரியா இருக்குங்க," என்றாள் அவள்.

அவ்வளவுதான். தங்கையை லீவு போடச் சொன்னார். தையல்காரத் தம்பியைக் கடைக்கு லீவு விடச் சொன்னார். தம்பிக்கு விபத்துக்குப் பிறகு இரண்டு காலும் வராது, வீல்சேர்தான். ஆனால் வாய் மட்டும் பழையபடியே.

"நான் எதுக்குண்ணே? ஓ, வண்டிக்குக் காவலா? சரி, வர்றேன்," என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். போன முறையும் அப்படித்தான். உச்சியில் வண்டி நிற்கிற இடத்திலிருந்து ஒரே படிக்கட்டு. மற்றவர்கள் ஏறிப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு இறங்கும்வரை அவன் காருக்குள்ளேயே இருந்தான். "அருமையான தூக்கம்," என்றான், யாரும் கேட்பதற்கு முன்பே.

மாசக் கடைசியும் வந்தது. பூங்காவுக்குப் போய் இறங்கினால் கேட் மூடியிருக்கிறது. கேன்டீனில் பூட்டு. மினி பஸ் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

டைம் கீப்பர் மனைவி பக்கம் திரும்பினார்.

"போன் பண்ணினியா இல்லையா?"

"பண்ணினேங்க."

"என்னத்தக் கேட்ட?"

"கேட்டப் பத்திதாங்க கேட்டேன்."

"ஒரு கதவு திறந்திருக்கா, மூடியிருக்கா? இதைக் கேக்கறதுக்கு என்ன அண்ணி கஷ்டம்?" என்று தங்கை எரிந்து விழுந்தாள். "இந்த லீவுக்காக மேனேஜர் கால்ல விழாத குறை!"

"விடு, அண்ணி கைராசி அப்படி," என்றான் தம்பி. "இவங்க போன் போட்டதும் பயந்து காட்டையே இழுத்து மூடிட்டாங்க."

அவள் குனிந்து காரின் பின்பக்கத்தில் எதையோ தேடினாள்.

காவலாளி ஓடி வந்தார். "வண்டிதாங்க போகக் கூடாது. ஆள் தாராளமாப் போகலாம். பனியெல்லாம் உச்சியிலதான். ஏரி வரைக்கும் மேடு கிடையாது, ரோடு காஞ்சு கிடக்கு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் வீல்சேரை இறக்கி விரித்துவிட்டாள்.

எதிரில் வண்டி இல்லை, ஹாரன் இல்லை. வழவழவென்று தார் ரோடு. தம்பி சக்கரத்தை இரண்டு தள்ளுத் தள்ளினான், நாற்காலி பறந்தது. "ஏரி எல்லாம் ஏறு! ரைட், ரைட்!" என்று கண்டக்டர் மாதிரி கத்தினான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கை பின்னாலேயே ஓடினாள். "டேய், நில்லுடா! மான் குறுக்க வருதுடா!"

டைம் கீப்பர் மட்டும் நகரவில்லை. அவருக்குச் சண்டை பாக்கியிருந்தது.

"ஏன்யா, போன்ல கேட்டா ஒழுங்காப் பதில் சொல்ல மாட்டீங்களா? மேலிடத்துல சொல்லப்போறேன்!"

காவலாளி வீல்சேர் போன திசையைப் பார்த்தார். "அட, அந்தம்மா வீட்டுக்காரரா நீங்க? போன எடுக்கறதே நான்தாங்க. கேட்ட எப்பத் திறப்பீங்கன்னுதான் ஊரே கேக்கும். 'கண்டிப்பா மூடியிருக்குமில்ல? வீல்சேர்ல ஒருத்தர் வர்றார், நாங்க வந்துட்டுப் போறவரைக்கும் தயவுசெஞ்சு திறந்துடாதீங்க'ன்னு திரும்பத் திரும்பக் கெஞ்சினது அந்தம்மா ஒருத்தர்தான்."

டைம் கீப்பருக்கு அதற்கப்புறம் சண்டை வரவில்லை.

அவர் ஏரிக்கரைக்குப் போனபோது அவள் எல்லாருக்கும் ரொட்டி பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இன்னும் கோபமாங்க?"

"பின்ன இருக்காதா?" முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ரொட்டியை வாங்கினார். "அடுத்த வருஷமும் போன் பண்றது உன் பொறுப்புதான்."

இன்றைக்கும் அந்தத் தம்பி, "எங்க அண்ணிக்கு ஒரு போன் பண்ணத் தெரியாது," என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறானாம். அண்ணியும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாளாம். கடவுள் அவளை நன்றாக வைத்திருக்கட்டும். என்றைக்காவது அவன் உங்களிடம் இதைச் சொன்னால், நீங்களும் சிரித்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுங்கள்.