நூலகத்துக்குப் போகும் வழி

முதல் அறையைப் பூட்டியபோது அவளுக்கு எந்தத் திட்டமும் இல்லை.

விருந்தாளி அறை. ஜன்னல் வழியாகப் பூனை புகுந்துவிடுகிறது. பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கணவர் கவனிக்கவில்லை.

இன்று கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்று பார்த்தாள். கேட்கவே இல்லை. அவ்வளவுதான், அவளுக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது.

அவர் ஓய்வுபெற்ற கண்காணிப்புப் பொறியாளர். வாசல் கருங்கல்லில் அப்படித்தான் செதுக்கியிருக்கும். 'ஓய்வு' மட்டும் கொஞ்சம் பொடி எழுத்தில். இந்த வீட்டுக்கு வரைபடம் போட்டது அவர். கம்பி கட்டும்போது வெயிலில் குடை பிடித்து நின்றது அவர். பெருக்குவது அவள். வலிக்கிற முழங்கால் இரண்டும்கூட அவளுடையவைதான்.

பின்தெரு அடுக்குமாடியில், தரைத்தளத்தில், இரண்டு அறை வீடு ஒன்று விலைக்கு வந்திருந்தது. பெங்களூரிலிருந்து மகள் பேசிவைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"தீப்பெட்டி," என்றார் அவர். "அதுக்குள்ள என்னையப் போயி அடுக்கிவைக்கப் பாக்குறீங்களா ரெண்டு பேரும்? மனுசன்னா நடமாட இடம் வேணும், புனிதா."

எங்கேதான் நடமாடுகிறார்?

அதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

மகளின் பழைய அறையைப் பூட்டினாள். சத்தமே இல்லை.

பன்னிரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு அறையைப் பூட்டினாள். அவர் எப்போதும்போலச் சமையற்கட்டில் உட்கார்ந்து தட்டை நீட்டினார்.

ஒப்பந்தக்காரர்கள் கைகட்டி நின்ற ஆபீஸ் அறையை, கொஞ்சம் பயத்தோடுதான், பூட்டினாள்.

மறுநாள் கல்யாணப் பத்திரிகை வைக்கச் சிலர் வந்தார்கள். வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஆபீஸ் அறைக் கதவில் சாய்ந்து நின்று பர்மா தேக்கைத் தட்டினார்.

"உள்ள காத்து பிச்சுக்கிட்டுப் போகும். எப்பேர்ப்பட்ட கோடையிலயும் ஃபேன் வேண்டாம்."

வந்தவர்கள் பூட்டைப் பார்த்தார்கள். மரியாதையாக வியந்தார்கள்.

அவள் காபி எடுக்கிற சாக்கில் உள்ளே போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிச்சம் இருந்தது மாடி. நூலகம்.

அங்கேதான் அவள் தோற்கப்போகிறாள். தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் தொண்டையைச் செருமுவார். "நான் நூலகத்துல இருக்கேன். யாராச்சும் வந்தா மேல அனுப்பு." கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏறுவார். யாரும் வந்ததில்லை. காபி வாசனை எழும்பியதும் இறங்குவார், முகத்தில் அறிவுக்களையோடு.

அவள் மாடி ஏறி வருஷக்கணக்காகிறது.

நூலகத்தைப் பூட்டினால் அன்றைக்கே பிடிபடும். பிடிபட்டால் பேச்சு முடிந்தது. மனுஷன் நிஜமாகவே புழங்குகிற அறை ஒன்று இருக்கிறது என்றால், அதிலிருந்து அவரைப் பிடுங்கிக்கொண்டு போகக் கூடாது. இங்கேயே பெருக்கிக்கொண்டு இருந்துவிடலாம். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிவைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை அவர் முடிவெட்டப் போனார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

படி திரும்பும் இடத்தில் ஒரு நாற்காலி.

கொல்லையிலிருந்து காணாமல்போன பிளாஸ்டிக் நாற்காலி. திருட்டுத்தான் என்று விசாரணை நடத்தித் தீர்ப்புச் சொன்னவர் அவரேதான். அதில் ஒரு தலையணை. பக்கத்தில் தரையில் தடித்த புத்தகம் ஒன்று. அதன் அட்டை முழுக்க டம்ளர் வைத்த வட்டங்கள்.

மேலே போகும் படிகளைப் பார்த்தாள்.

தூசி. பல்லி எச்சம். ஒரு காலடிகூட இல்லை.

இந்த வீட்டில் முழங்கால் தனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

தலையணை மேல் அவர் கண்ணாடி கிடந்தது. படிக்கிற கண்ணாடி இல்லை. தூரத்துக்குப் போடுவது.

அவளும் உட்கார்ந்து பார்த்தாள்.

சின்ன ஜன்னல். நேர் எதிரே பின்தெரு அடுக்குமாடி. காற்றை மறைக்கிறது என்று மாநகராட்சிக்கு அவர் மனுமேல் மனு போட்ட கட்டடம். கீழே, கார் நிறுத்தும் இடத்து நிழலில், ஒரு கேரம் பலகை. சுற்றி அவர் வயசு ஆட்கள். முண்டா பனியன் போட்ட ஒருவர் சிவப்புக் காயைக் குழியில் தள்ளிவிட்டுத் தொடையைத் தட்டினார்.

உற்றுப் பார்த்தாள். இவருக்குக் கீழே வேலை பார்த்த பழைய ஓவர்சீயர்! இவர் முன்னால் நாற்காலி நுனியில் உட்காரக்கூடக் கூசின மனுஷன்.

மூன்று பேர்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். பலகையின் நாலாவது பக்கம் காலியாக இருந்தது.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

எழுந்தபோது இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவினாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மதியம் அவர் சாப்பிட்டார். ரசம் பேஷ் என்றார். செருமினார்.

"நான் நூலகத்துல இருக்கேன்."

வீட்டுச் செருப்புச் சத்தம் ஏறியது.

நின்றது.

சாவிகள் ஒரு தடவை குலுங்கின. அவள் கழுவாத தட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"புனிதா."

நூலகத்திலிருந்து வருகிற குரலுக்கு அது ரொம்பவே பக்கத்தில் இருந்தது.

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. சும்மா ஒரு தகவலுக்குத்தான் கேக்குறேன்." ஒரு செருமல். "அந்தத் தீப்பெட்டியில… நூலகத்துக்கு இடம் இருக்குமா?"

யோசிக்கிற மாதிரி அவள் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

"ஒரு நாற்காலி போடலாங்க," என்றாள். "ஜன்னலோரமா."